கார்பன் பானட் மாட்டுவது நான்கு போல்ட் வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நிஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் காருக்குக் கார்பன் ஃபைபர் பானட் மாட்டுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினாலே எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கட்டுரை சொன்ன இரண்டு விஷயங்களை அப்படியே விட்டுவிட முடியாது. எடை பாதியாகிவிடும் என்கிறது ஒன்று. பழைய பானட்டின் நான்கு போல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்கிறது இன்னொன்று. முதலாவதை நம்பினால் பணம் வீணாகும். இரண்டாவதை நம்பினால் ஓடும் காரின் பானட் கழன்று முன் கண்ணாடியில் வந்து அடிக்கும்.

முதலில் எடை. 1989-இல் வந்த ஆர்32 ஜிடி-ஆரின் பானட்டும் முன் ஃபெண்டர்களும் (முன் சக்கரங்களுக்கு மேலே வரும் உடல் தகடுகள்) தொழிற்சாலையிலிருந்தே அலுமினியம். அதே தலைமுறையின் ஜிடிஎஸ்-டி காரில்தான் அவை இரும்புத் தகடு. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக்கும் ஆர்எக்ஸ்-7 கடைசித் தலைமுறைக்கும் பானட் அலுமினியம்தான். சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே மிச்சப்படுத்த அதிகம் எடை இல்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 0.7 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ 5.5 கிலோ. அலுமினியம் 1 மி.மீ. தடிமனில் 2.7 கிலோ. சரியான ப்ரீப்ரெக் துணியை, அதாவது நாரைப் பிணைக்கும் பசையான ரெசின் முன்கூட்டியே ஊறிய துணியை, அழுத்தத்திலும் சூட்டிலும் வேகவைத்துச் செய்த கார்பன் தகடு 1.2 மி.மீ. தடிமனில் 1.9 கிலோவுக்குள் அடங்கும். சந்தையில் மலிவாகக் கிடைப்பதோ வேறு சரக்கு. மேலே பார்வைக்கு ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி இருக்கும். அடியில் மூன்று நான்கு அடுக்கு கண்ணாடி நார் மேட் போட்டு, பிரஷ்ஷால் ரெசின் தடவியிருப்பார்கள். அது 2.5 மி.மீ. தடிமனுக்கு 4.5 கிலோ வரும். அதாவது அலுமினிய பானட்டைக் கழற்றிவிட்டு அதைவிடக் கனமானதை மாட்டியிருப்போம். இரும்பு பானட் உள்ள காருக்கு அதே மலிவான பொருள் கொஞ்சமாவது எடையைக் குறைக்கும். ஜிடி-ஆருக்கு அதுவும் இல்லை. ஆகவே பணம் கொடுக்கும் முன் பழையதையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஜிடி-ஆரில் இரும்பாக இருப்பது டிக்கி மூடி. எடை குறைக்க வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மேல்பக்கப் பளபளப்பை அல்ல, பின்பக்கத்தை. ஒரு நாணயத்தால் பரப்பு முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடமும் உள்ளே காற்று அடைபட்ட இடமும் மொத்தையாக ஒலிக்கும். கீல் உட்காரும் இடத்திலும் லாக் கொக்கி வரும் இடத்திலும் உலோகத் தகடு பதித்திருக்கிறதா என்று பாருங்கள். பதிக்காமல் வெறும் ஃபைபரில் துளை போட்டிருந்தால், போல்ட்டை முறுக்க முறுக்க ரெசின் நசுங்கும். பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடித்துவிட்டாலோ துளை போட்டுவிட்டாலோ விற்றவர் திரும்ப வாங்கமாட்டார். அதனால் முதலில் வெறுமனே வைத்துப் பொருத்திப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பொருத்துவதற்கு முன் காரையும் அளக்க வேண்டும். முப்பது ஆண்டு ஓடிய கார் எங்காவது ஒருமுறையாவது இடிபட்டு டிங்கரிங் பார்த்திருக்கும். பழைய இரும்பை டிங்கர் தட்டி, வளைத்து, பட்டி போட்டு அந்த உடலுக்கு ஏற்பப் பழக்கியிருப்பார். கார்பன் அப்படிப் பழகாது. நேரான ஒரு காரின் பானட்டிலிருந்து எடுத்த மோல்டில், அதாவது அச்சில், பிறந்தது அது. பானட் உட்காரும் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றம் பானட்டில் இல்லை. முதலில் உடலை நேராக்க வேண்டும். அதைச் செய்யாமல் பானட்டின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து இடைவெளியைச் சரிக்கட்டுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. ஓரத்தில் நார் வெளியே தெரியும், அந்த வழியாக ஈரம் உள்ளே இறங்கும்.

வரிசை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். கதவு சரியாக இருந்தால்தான் ஃபெண்டர், ஃபெண்டர் சரியாக இருந்தால்தான் பானட், கடைசியில் பம்பர். பழைய பானட்டைக் கழற்றும் முன் கீலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதை இரண்டு பேர் பிடித்து வைத்து, கீல் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்குங்கள். லாக்கில் விழும் கொக்கியை அப்போது மாட்டவே கூடாது. மாட்டிய நிலையில் மூடிப் பார்த்து, கோணலாக லாக்கில் சிக்கித் திறக்க முடியாமல் போய், நெம்பி உடைத்த பானட்டுகள் உண்டு. முதலில் பின் விளிம்பு, அடுத்து பக்கவாட்டு இடைவெளி, இரு புறமும் ஏறத்தாழ 4 மி.மீ. பிறகு முன் மூலைகளில் உள்ள ரப்பர் கட்டைகளைத் திருகி உயரம். எல்லாம் ஒத்துவந்த பிறகே கொக்கி. 6 மி.மீ. போல்ட் என்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும், அதுவும் முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால். ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறைந்தது 25 மி.மீ. அகலமுள்ள வாஷர் வேண்டும்.

துளை போட நேர்ந்தால் கார்பைட் டிரில் பிட், மேலே மாஸ்கிங் டேப், அடியில் இறுக்கிப் பிடித்த மரக்கட்டை. வேகமாகச் சுற்றவிட்டு மெல்ல அழுத்துங்கள். கட்டை இல்லாவிட்டால் பிட் வெளியேறும் பக்கத்தில் நார் பிய்ந்துவிடும். துளையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, துளை அகலத்தைப் போல மூன்று மடங்கு தூரமாவது இருக்கட்டும். போட்ட துளையின் உள்சுவரில் எபாக்ஸி என்ற ரெசினைத் தடவி அடைத்துவிடுங்கள். முகமூடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. தூசி நுரையீரலுக்குப் பகை. அது மின்சாரத்தையும் கடத்தும், எனவே இன்ஜின் அறையில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஒயரிங் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வேக்குவம் வைத்து இழுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

அந்தக் கட்டுரை அடியோடு விட்டுவிட்டது அரிப்பு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதை அலுமினியத்தோடு அல்லது துத்தநாகம் பூசிய போல்ட்டோடு தொடவிட்டு இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகிவிடும். கரைவது கார்பன் அல்ல, பக்கத்தில் இருக்கும் உலோகம். பெயின்ட் கொப்புளமாக எழும்பும், போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், கடைசியில் பதித்த அலுமினியத் தகடு ரெசினைவிட்டுக் கழன்றுவரும். சென்னை, தூத்துக்குடி, கொழும்பு, பினாங்கு போன்ற கடலோர ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். தடுப்பது ஒன்றும் பெரிய செலவில்லை. உலோகம் தொடும் இடங்களில் மட்டும் ஒரு அடுக்கு மெல்லிய கண்ணாடித் துணியை எபாக்ஸியில் ஒட்டினால் மின்தொடர்பு அறுந்துவிடும். போல்ட்டுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ், அவற்றைச் சுற்றி நைலான் புஷ், மேலே சீலன்ட். அலுமினிய ரிவெட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சூடு. கார்பன் நார் சூட்டைத் தாங்கும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் தாங்காது. அறை வெப்பநிலையில் மட்டும் இறுகிய சாதாரண எபாக்ஸி 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். பட்டறைகளில் இதை 'டிஜி' என்பார்கள். நம் வெயிலில் நிறுத்திய கறுப்பு பானட் அந்தச் சூட்டைத் தானாகவே தாண்டிவிடும். ஜிடி-ஆரில் ஆர்பி26 இன்ஜினின் இரண்டு டர்போவும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்து பானட் பரப்பு மட்டும் அலையலையாக நெளிவதும், துணியின் நெசவு மேலே புடைத்துத் தெரிவதும், முன் மூலை மேல்நோக்கி வளைவதும் இதனால்தான். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரெசினின் டிஜி எவ்வளவு? மோல்டிலிருந்து எடுக்கும் முன் அடுப்பில் வைத்தீர்களா? மணிக்கு 10 முதல் 20 டிகிரி வீதம் மெல்ல ஏற்றி, 80 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து, மெல்ல இறக்கியிருக்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். நல்ல பானட் வாங்கினாலும் டர்போவுக்கு மேலே வெப்பம் திருப்பும் தகட்டை வையுங்கள். அதை பானட்டில் நேராக ஒட்டிவிடாமல் சிறிது காற்று இடைவெளி விட்டால்தான் முழுப் பயன்.

வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்ஸியை மஞ்சளாக்கி, பிறகு சுண்ணாம்பு போல உதிரவைக்கும். புற ஊதாத் தடுப்பு உள்ள இரண்டு பாக யூரித்தேன் கிளியர் மூன்று கோட் அடிக்க வேண்டும். பின்பக்கத்துக்கும் ஒரு கோட். தேய்க்கும்போது ரெசின் தாண்டி நார் வரை போய்விடக் கூடாது. வெளுத்த தூசிக்குப் பதில் கறுத்த தூசி வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஃபெண்டரைப் பற்றிச் சுருக்கமாக. டயர் வீசும் கல் பின்பக்கத்தில் அடித்தால் வெளிப்பக்கத்தில் நட்சத்திர விரிசல் தெரியும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றாதீர்கள். விளக்கு, ஹாரன் எதற்காவது ஃபெண்டர் வழியாக எர்த் போயிருந்தால் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், காரணம் புரியாமல் பல்பை மாற்றிக்கொண்டே இருப்போம். டிக்கியில் ஸ்பாய்லர் இருந்தால் அதன் கால்களுக்கு அடியில் அகலமான தகடு கட்டாயம். மூடி இலேசானதும் மூடியைத் தூக்கிவிடும் பழைய டார்ஷன் கம்பியோ (முறுக்குக் கம்பி) கேஸ் ஸ்ட்ரட்டோ அதைச் சடாரென்று தூக்கி அடிக்கும். அதன் வலுவையும் குறைத்தாக வேண்டும். கதவுகளை விட்டுவிடுங்கள். பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம் கதவுக்குள்தான் இருக்கிறது. உள்ளே ரோல் கேஜ் என்ற பாதுகாப்பு இரும்புக் கூண்டு இல்லாத சாலைக் காருக்குக் கார்பன் கதவு மாட்டுவது அந்தச் சட்டத்தை எடுத்து வெளியே எறிவதற்குச் சமம்.

இப்போது பானட் பின், அதாவது பானட்டின் முன்பக்கத்தைக் கூடுதலாகப் பூட்டிப் பிடிக்கும் உலோக ஊசி. கட்டுரையோடு வந்த படத்தில் இருந்த பானட்டில் பின் எதுவும் இல்லை. எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்ததே அதுதான். வேகம் ஏற ஏற பானட்டின் மேலே அழுத்தம் குறைகிறது. ரேடியேட்டர் வழியாக நுழைந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. தொழிற்சாலை பானட்டில் உட்சட்டமும் மேல்தகடும் சேர்ந்து விறைப்பாக நின்று அந்தச் சுமையை நடு லாக்குக்குக் கொண்டுசெல்கின்றன. உட்சட்டம் இல்லாத, அல்லது பெயருக்கு ஒட்டிய மெல்லிய பானட்டில் இரண்டு மூலைகளும் முதலில் எழும்பும், படபடக்கும், ஒவ்வொரு படபடப்பும் லாக் கொக்கியைச் சுற்றியுள்ள ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும். ஒருநாள் கொக்கி லாக்கிலேயே நிற்கும், பானட் மட்டும் கழன்று போகும். நிஸானே 2000-இல் ஆர்34 வி-ஸ்பெக் 2 காருக்குக் கார்பன் பானட் கொடுத்தது உண்மை. ஆனால் அது தொழிற்சாலை வடிவமைத்து, சோதித்து, உறுதி சொன்ன பொருள். கடையில் வாங்கியதை அதோடு ஒப்பிட முடியாது.

ஆகவே முன்பக்கம் இரண்டு பின். அடியில் ரேடியேட்டர் தாங்கும் இரும்புச் சட்டத்தில், ஓரங்களிலிருந்து சம தூரத்தில் நிறுத்துங்கள். துளையின் இடத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பின் முனையில் ஈரக் குங்குமம் தொட்டு வைத்து பானட்டை மெல்ல இறக்கினால் அடிப்பக்கத்தில் பொட்டு விழும். அங்கே கீழிருந்து 3 மி.மீ. வழிகாட்டித் துளை, பிறகு மேலிருந்து படிப்படியாகப் பெரிதாக்கி, பின்னின் அகலத்தைவிட 1 முதல் 2 மி.மீ. கூடுதலாக முடியுங்கள். மேலும் கீழும் தகடு வைத்து இறுக்குங்கள். பின் போட்டாயிற்று என்று தொழிற்சாலை லாக்கையும் இரண்டாம் பாதுகாப்புக் கொக்கியையும் கழற்றிவிடக் கூடாது. பிறகு காலியான பாதையில் 60, 80, 100 கி.மீ. என்று படிப்படியாக வேகத்தை ஏற்றி, பக்கத்தில் இருப்பவர் செல்பேசியில் மூலைகளைப் படம் எடுக்கட்டும். அசைவு தெரிந்தால் அந்த வேகத்துக்கு மேல் போகாமல் திரும்பி வந்து உட்சட்டத்தைப் பலப்படுத்துங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், கொக்கியைச் சுற்றி மறுபடி நாணயத்தால் தட்டுங்கள்.

பாதசாரி மீது மோத நேர்ந்தால் உலோக பானட் மடங்கி அடியை ஓரளவு வாங்கிக்கொள்ளும், கார்பன் கூரான துண்டுகளாக உடையும். சாலையில் ஓட்டும் கார் என்றால் அடியில் ஒரு அடுக்கு அராமிட் (கெவ்லார் வகை) துணி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் அது பிடித்துக்கொள்ளும்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்த வாரமே ஒரு பானட்டை வாங்கி மாட்டியிருக்கக்கூடும். இடம் போதாவிட்டால் மற்றதை விட்டுவிட்டு, பின்னைப் பற்றிய பகுதியை மட்டுமாவது அடுத்த வாகனப் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஃபைபர், டிங்கரிங் வேலை செய்யும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.