பிரியங்கா யோஷிகாவா ஜப்பானியர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய அழகிகளைப் பற்றி வந்த கட்டுரையில் பிரியங்கா யோஷிகாவாவை 'ஜப்பானை வென்ற நம் இந்தியப் பெண்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாராட்டத்தான் எழுதினீர்கள் என்று தெரிகிறது. ஆனால் 2016 செப்டம்பரில் அவர் மிஸ் வேர்ல்ட் ஜப்பான் ஆனபோது அவரை ஏற்க மறுத்தவர்கள் சொன்னதும் இதுதானே? பாதி இந்தியர், முழு ஜப்பானியர் இல்லை என்றார்கள். அவர்கள் வெறுப்பில் சொன்னதை நீங்கள் பெருமிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மனசு ஆறவில்லை.

அவர் 1994இல் டோக்கியோவில் பிறந்தவர். அப்பா கொல்கத்தாக்காரர், அம்மா ஜப்பானியர். 1984 வரை ஜப்பானில் குடியுரிமை பொதுவாகத் தகப்பன் வழியில்தான் வந்தது. 1985இல் அமலான சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தாய் ஜப்பானியராக இருந்தாலும் போதும். ஆகவே யோஷிகாவா பிறவியிலேயே ஜப்பான் குடிமகள். அப்பா இந்தியர் என்பதில் தனக்குப் பெருமை உண்டு, ஆனால் அதனால் தான் ஜப்பானியர் இல்லை என்றாகிவிடாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டது கட்டுரை.

2016 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த உலக அழகி இறுதிச்சுற்றில் இந்தியாவின் பட்டையை அணிந்து நின்றவர் பிரியதர்ஷினி சாட்டர்ஜி. அவரும் யோஷிகாவாவும் முதல் 20 பேருக்குள் வந்தார்கள். கட்டுரையில் பிரியதர்ஷினியின் பெயரே இல்லை. யோஷிகாவா எதுவரை முன்னேறினார் என்பதும் இல்லை. யானை பழக்கும் உரிமம் வைத்திருக்கிறார் என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பத்தி!

அரியானா மியமோட்டோவையும் உலக அழகிப் போட்டியில் சேர்த்துவிட்டீர்கள். அவர் 2015இன் மிஸ் யுனிவர்ஸ் ஜப்பான். போனது பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு. இரண்டையும் நடத்துவது வேறு வேறு நிறுவனங்கள். நாகசாகி மாவட்டத்துச் சாசெபோவில் பிறந்தவர், அப்பா கறுப்பின அமெரிக்கர். தூரிகை எழுத்துக்கலையில் ஐந்தாம் டான் என்ற உயர் தேர்ச்சிநிலை பெற்றவரைப் பார்த்து ஜப்பானியர் போல இல்லை என்றார்கள். கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த நண்பர் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் போட்டிக்கு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தமக்கு வழி திறந்தவர் மியமோட்டோ என்று யோஷிகாவாவும் சொன்னார். இந்தத் தொடர்பைச் சொல்லாமல் இருவரையும் எப்படி ஒரே பக்கத்தில் எழுத முடிந்தது?

இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. 2015 டிசம்பரில் லாஸ் வேகாஸ் மேடையில் பிலிப்பைன்ஸுக்குப் பதிலாகக் கொலம்பியாவின் பெயரைத் தவறாக அறிவித்த குழப்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அதே மேடையில் முதல் 10 பேருக்குள் வந்த மியமோட்டோவுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. இப்போது, ஜப்பான் 'இருமுறை உலக அழகி' ஆனது என்று ஒரு வாக்கியம். 1959இல் அகிகோ கோஜிமாவும் 2007இல் ரியோ மோரியும் வென்றது பிரபஞ்ச அழகி மகுடம். இது தாங்கள் அறியாததா?

கரோலினா ஷீனோவின் பட்டத்தை இனவெறியால் 'பறித்தார்கள்' என்பதும் சரியல்ல. உக்ரைனில் பிறந்து, ஐந்து வயதில் ஜப்பானுக்கு வந்து, பின்னர் குடியுரிமை பெற்றவர் அவர். 2024 ஜனவரியில் மிஸ் நிப்பான் ஆனார். உருவத்தை வைத்து அவரைத் தூற்றியது உண்மை, கொடுமை. ஆனால் இரண்டு வாரத்தில் பட்டத்தை அவரே திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம், ஒரு வார இதழ் வெளியிட்ட அந்தரங்க உறவுச் செய்தி. அந்த ஆண்டுப் பட்டத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே விட்டார்கள். மிஸ் நிப்பான் 1950இல் தொடங்கிய உள்நாட்டுப் பட்டம் என்பதையும் சேர்த்திருக்கலாம். நடந்த இரண்டையும் ஒன்றாக்கினால் உண்மையான இனவெறியைப் பற்றிப் பேசும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீண்ட மறுப்பு எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் நான்கு வரி போதும்: யோஷிகாவா ஜப்பானியர், மியமோட்டோ போட்டியிட்டது பிரபஞ்ச அழகிக்கு, 1959, 2007 மகுடங்களும் அதிலேயே, ஷீனோ பட்டத்தைத் தாமே துறந்தார். இனி இப்படிக் கட்டுரை வந்தால், படத்தில் தோளில் கிடக்கும் பட்டையில் எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று இருக்கிறதோ அதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்.