ஜெயலலிதாவின் கதை 1991இல் முடியவில்லை: தமிழ்த் திரைத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும், திரைக்கதை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

செல்வி ஜெ. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்த பிறகு, அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2019இல் ஓர் இணையத் தொடரும் 2021இல் ஒரு முழுநீளத் திரைப்படமும் வெளிவந்தன. அடுத்த படத்தையும் உங்களில் யாரேனும் ஒருவர் எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள். இத்தனை திருப்பங்கள் உள்ள வாழ்க்கையைத் திரைத்துறை விட்டுவைக்காது. எனக்கு அவர்மீது வியப்பும் உண்டு, தீராத கோபமும் உண்டு. அந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கும் படம் இன்னும் வரவில்லை என்ற குறையைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

2021இல் வந்த படம், 1991 ஜூன் மாதம் அவர் முதல்முறையாக முதலமைச்சர் பொறுப்பேற்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கான காரணம் விளங்காமல் இல்லை. அதுவரையிலான அவருடைய வாழ்க்கை அவருக்கு நேர்ந்தவற்றின் கதை: நன்றாகப் படித்த பெண் தாயின் விருப்பத்துக்காகப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனது, எம்.ஜி.ஆரின் இறுதி ஊர்வலத்தில் பீரங்கி வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டது, சட்டமன்றத்தில் அவமதிக்கப்பட்டது. பார்வையாளர் தயக்கமின்றி அவர் பக்கம் நிற்கலாம். 1991க்குப் பிறகு வருவதோ, அவர் மற்றவர்களுக்குச் செய்தவற்றின் கதை. அந்தக் கணக்கைத் திறக்கும் முன்பே 'சுபம்' போட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் அதை வாழ்க்கை வரலாறு என்று அழைப்பதற்கு நியாயமும் இல்லை. ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கையில் ஆட்சி செய்த ஆண்டுகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு நடிகையின் கதை மட்டுமே.

எடுத்துக்காட்டுக்கு 1989 மார்ச் 25ஆம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிதிப் பொறுப்பையும் வைத்திருந்த முதலமைச்சர் கருணாநிதி நிதிநிலை அறிக்கையைப் படிக்க எழுகிறார், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதாவின் தரப்பு எதிர்ப்புக் குரல் எழுப்புகிறது, அமளி மூள்கிறது. தம் சேலை இழுக்கப்பட்டது என்று கலைந்த தலையோடு வெளியே வந்த அவர் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை, அது திட்டமிட்ட நாடகம் என்று தி.மு.க. தரப்பு இன்றுவரை சொல்லிவருகிறது. அவைக்குள் இருந்தவர்களே இரண்டு அணிகளாகப் பிரிந்து சாட்சி சொன்ன நிகழ்வு இது. திரையிலோ கேமரா நேரே அவைக்குள் நுழைந்து, ஒரு கை சேலையின் முந்தானையைப் பற்றுவதை நெருக்கக் காட்சியில் காட்டிவிடுகிறது. பின்னணி இசை பாஞ்சாலி சபதத்தை நினைவூட்டிவிடுகிறது. நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம் என்பதே பொதுவெளியில் உள்ள உண்மை. அவைக்கு வெளியே காத்திருந்த செய்தியாளர்களின் பார்வையில் அந்தக் காட்சியை எடுத்தால் என்ன? மூடிய கதவு, உள்ளே கூச்சல், பிறகு கலைந்த கூந்தலோடு வெளியே வரும் ஒரு பெண், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேட்டிகள். நாடகம் சிறிதும் குறையாது. நீங்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார வேண்டிய தேவையும் வராது.

1991 முதல் 1996 வரையிலான ஐந்தாண்டுகளே உண்மையில் உங்கள் படத்தின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். மாதம் ஒரு ரூபாய் மட்டுமே ஊதியமாகப் பெறுவேன் என்று அறிவித்தவர் அவர். பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டத்தையும், அனைத்து மகளிர் காவல் நிலையங்களையும் 1992இல் தொடங்கியவரும் அவரே. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்து, அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் 1994இல் சேர்க்க வைத்தவரும் அவரே. இதே ஆட்சியில்தான், 1992 பிப்ரவரி 18ஆம் நாள் மகாமகத்தன்று அவரும் தோழி சசிகலாவும் குடந்தைக் குளத்தில் புனித நீராடிய வேளையில் நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்தனர். இதே ஆட்சியில்தான் அமைச்சர்கள் காலில் விழுவது அன்றாட வழக்கமானது. 1995 செப்டம்பரில் வளர்ப்பு மகனுக்கு நடத்திய திருமணம் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெறும் அளவுக்கு நடந்ததும், அடுத்த ஆண்டே பர்கூர் தொகுதியில் அவர் தோற்றதும், டிசம்பரில் கைதானதும், போயஸ் தோட்டத்தில் எடுத்த சேலைகளும் செருப்புகளும் நகைகளும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஓடியதும் தமிழகம் மறக்காத காட்சிகள். கற்பனைக்குக் கூலி கொடுக்கத் தேவையே இல்லாத ஐந்தாண்டுகள் இவை.

சொத்துக்குவிப்பு வழக்கைத் திரைக்கு உதவாத வறண்ட விஷயம் என்று நீங்கள் எண்ணினால், தீர்ப்புகளை நீங்கள் படித்ததில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே திருமணத்துக்கு அரசுத் தரப்பு 6 கோடியே 45 லட்ச ரூபாய் செலவு என்று கணக்குக் காட்டியது. விசாரணை நீதிமன்றம் 3 கோடி என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் 28 லட்சத்து 68 ஆயிரம் என்று முடித்தது. 2015 மே 11ஆம் நாள் அவரை விடுவித்த அந்தத் தீர்ப்பில், வருமானக் கணக்கில் சேர்த்த பத்துக் கடன்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 10 கோடியே 67 லட்சமாக வர வேண்டிய இடத்தில் 24 கோடியே 17 லட்சம் என்று அச்சாகியிருந்தது. கூட்டிப் பார்த்த அரசு வழக்கறிஞர் சிறிதும் தாமதிக்காமல் பிழையைச் சுட்டிக்காட்டினார். ஒரு மாநிலத்தின் ஆட்சி ஒரு கூட்டல் கணக்கில் தொங்கிய கதையை எந்தத் திரைக்கதை ஆசிரியராவது சொந்தமாக எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று தயாரிப்பாளரே திருப்பி அனுப்பியிருப்பார்.

இதே வழக்கில் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்த 2014 செப்டம்பர் 27ஆம் நாளும் அப்படித்தான். பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில் அமைந்த தனி நீதிமன்றத்துக்குக் காலையில் முதலமைச்சராகச் சென்றவர், நான்காண்டுச் சிறைத் தண்டனையும் 100 கோடி ரூபாய் அபராதமும் பெற்று, அதே வளாகத்துச் சிறைக்குள் கைதியாகப் போனார். இரண்டு நாள் கழித்துச் சென்னை ஆளுநர் மாளிகையில் ஓ. பன்னீர்செல்வமும் அமைச்சர்களும் கண்ணீர் சிந்தியபடி பதவியேற்றார்கள். அந்தக் கண்ணீரில் எது அன்பு, எது அச்சம், எது நடிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த அறை, அவருடைய ஆட்சிமுறையைப் பத்து வசனங்களைவிட நன்றாகச் சொல்லும். 2017 பிப்ரவரி 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மறுநாள் சிறைக்குப் புறப்பட்ட சசிகலா மெரினா நினைவிடத்தில் மூன்று முறை ஓங்கி அடித்துச் சபதம் செய்ததை நாடே பார்த்தது.

சசிகலாவைப் பற்றித் தனியாக ஒரு வேண்டுகோள். இதுவரை அவரை ஓரமாக நிற்கும் பணிப்பெண்ணாகவோ, கண்ணால் சதி செய்யும் வில்லியாகவோதான் காட்ட முடிந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்த, 2011 டிசம்பரில் கட்சியை விட்டே நீக்கப்பட்டு நான்கே மாதங்களுக்குள் திரும்பச் சேர்க்கப்பட்ட ஓர் உறவை இந்த இரண்டு அச்சுகளுக்குள் அடைக்க முடியாது. தவறு முழுவதையும் தோழியின் தலையில் கட்டித் தலைவியைத் தூய்மைப்படுத்துவது கட்சி மேடைகளில் பழகிப்போன உத்தி. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். தம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே அறியாதவராக ஜெயலலிதாவைக் காட்டுவது அவருடைய அறிவுக்கே இழுக்கு.

தர்மபுரியை விட்டுவிடவே முடியாது. 2000 பிப்ரவரி 2ஆம் நாள், கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே விடுதி வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்த செய்தி வந்தவுடன் அ.தி.மு.க.வினர் நடத்திய போராட்டத்தில், கல்விச் சுற்றுலா சென்ற வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு மூன்று மாணவியர் எரிந்து மாண்டனர். குற்றவாளிகள் மூவருக்குக் கிடைத்த தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2016இல் ஆயுளாகக் குறைத்தது. 2018இல் அவர்கள் விடுதலையாயினர். இதை எடுக்கும்போது நெருப்பைக் காட்டாதீர்கள். அந்தப் பெண்களின் பெற்றோரும் தோழியரும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். செய்தி போயஸ் தோட்டத்துக்கு எப்போது வந்தது, அங்கு என்ன பேசப்பட்டது என்பதற்கு ஆவணம் இல்லாதபோது, அவரை அழ வைப்பதும் கூடாது, அலட்சியமாகச் சிரிக்க வைப்பதும் கூடாது.

கெட்டதை மட்டும் அடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2003இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு நீக்கியவர், 2004 மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்காத நிலையில் தம் ஆணைகளைத் தாமே வரிசையாகத் திரும்பப் பெற்றார். மதமாற்றத் தடைச் சட்டமும் அதில் போனது. 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகத்தைத் திறந்தவரும் இவரேதான். தோல்வி அவரிடம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்ற கேள்விக்கு ஒரு நல்ல நடிகையின் முகத்தில்தான் விடை தேட முடியும். தேர்தல் முடிவுப் பட்டியலில் அது கிடைக்காது.

அனுமதி, ஆட்சேபம் என்று நீங்கள் தயங்குவதையும் அறிவேன். ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய தனியுரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குச் சொத்தாகப் போவதில்லை என்று 2021இல் கூறி, படத்துக்குத் தடை விதிக்க மறுத்தது. உயிரோடு இருப்பவர்களைப் பொறுத்தவரையில், ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் அறிந்த 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதுவதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை என்று தெளிவாக்கியிருக்கிறது. போராட்ட மிரட்டலுக்குப் பணிந்து ஒரு படத்தை முடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில்தான், அதுவும் 1989இன் அதே மார்ச் மாதத்தில்.

சட்டம் இவ்வளவு துணை நின்றும் நடைமுறை வேறாக இருப்பதை மறுக்கவில்லை. 2018 தீபாவளிக்கு வந்த படமொன்றில் இலவசப் பொருள்களைத் தீயில் எறியும் காட்சியும் ஒரு பாத்திரத்தின் பெயரும் ஆளுங்கட்சியினரின் எதிர்ப்பால் தணிக்கைச் சான்றிதழுக்குப் பிறகும் நீக்கப்பட்டன. திரையரங்கு உரிமையாளரின் கண்ணாடி உடைந்தால் தீர்ப்பு நகல் அதை ஒட்டவைக்காது. ஆகவேதான் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் இயக்குநர் சங்கத்துக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்: தனி ஒரு இயக்குநரை மிரட்டலின் முன் நிறுத்திவிட்டு, சங்கங்கள் சமரசத் தூதர்களாக மட்டும் நடந்துகொள்வது போதாது.

பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்கும் வழியைப் பற்றியும் ஒரு சொல். சாயல், ஊர், ஆண்டு, கட்சிக் கரை எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றி, 'அனைத்தும் கற்பனையே' என்று தொடக்கத்தில் போடுவதால், பாராட்டு வந்தால் வரலாறு, வழக்கு வந்தால் கற்பனை என்று இருபக்கமும் பேச முடிகிறது. முழுக் கற்பனையாக எடுப்பதானால் தாராளமாக எடுங்கள். வரலாறு என்று விளம்பரம் செய்தால், எந்தக் காட்சி ஆவணத்தில் உள்ளது, எது ஊகம் என்பதைப் படத்தின் முடிவிலாவது எழுத்தில் காட்டுங்கள்.

அப்பல்லோ மருத்துவமனையின் 75 நாள்களில் அந்த அறைக்குள் நடந்ததாக எதையும் தயவுசெய்து புனையாதீர்கள். அவருடைய மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகும் சர்ச்சை ஓயவில்லை. அங்கு வசனம் எழுதுகிறவர் ஏதோ ஒரு கட்சிக்கு வேலை செய்பவராகிவிடுவார்.

அடுத்த படத்தின் திரைக்கதை பதவியேற்பு மேடையில் தொடங்கட்டும் என்பதே என் கோரிக்கை. வெண்ணிற ஆடையும் ஆயிரத்தில் ஒருவனும் முன்கதையாக ஐந்து நிமிடத்தில் வந்து போகட்டும். கதாநாயகியைத் தேடி மும்பைக்கு விமானம் ஏறும் முன், 2014, 2015, 2017 ஆகிய மூன்று தீர்ப்புகளையும் உதவி இயக்குநர்களோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் படங்களைத் திரையரங்கில் பணம் கொடுத்துப் பார்க்கும் ஒரு வாக்காளர்