ஐந்தாம் ஆண்டிலும் போய் எண்ணுங்கள்: உலகச் சுற்றாடல் வசதிக்கு ஒரு திறந்த மடல்

உலகச் சுற்றாடல் வசதியின் பேரவை உறுப்பினர்களுக்கும் அதன் சுயாதீன மதிப்பீட்டு அலுவலகத்துக்கும்,

வணக்கம். வளர்ந்துவரும் நாடுகளின் சுற்றாடல் செயற்றிட்டங்களுக்குப் பணம் வழங்கும் பன்னாட்டு நிதியம் (GEF) நீங்கள். கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒன்றாக இருந்த கொள்கையை 2019இல் இரண்டாகப் பிரித்தீர்கள். அடுத்த திருத்தத்தில் ஒரு கடமையைச் சேர்க்கக் கோருகிறோம். செயற்றிட்டம் முடிந்த பின்னரும் களத்துக்குப் போய் எண்ண வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் பல கொடையாளர்களின் பணத்தில் கண்டல் (உவர்நீர்க் கரையில் வளரும் சதுப்பு மரங்கள்) நடப்பட்டது. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. அவை உங்கள் செயற்றிட்டங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நட்டதை எண்ணி அறிக்கை எழுதும் பழக்கம் எல்லோருக்கும் பொதுவானது.

ஏன் செத்தன? எமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. சற்றுத் தாழ்ந்த இடத்தில் நட்டாலும் வேர் எப்போதும் நீரிலேயே கிடக்கும். நாற்று எளிதாகக் கிடைப்பதால் எங்கும் றைசோபோரா என்ற கண்டல் வகையையே நட்டார்கள். உவர்ப்பு கூடிய இடத்துக்கு அது ஒத்துவராது. மாடும் ஆடும் மேய்ந்ததும் உண்டு. இவற்றைவிட மதிப்பீட்டாளரை ஏமாற்றுவது வேறொன்று. றைசோபோராவின் நாற்று தாய்மரத்தில் சேர்த்த உணவை வைத்துப் பிழையான இடத்திலும் பல மாதம் பச்சையாக நிற்கும். முதலாண்டில் எண்ணினால் எல்லாம் வெற்றியாகவே தெரியும்.

உங்கள் இறுதி மதிப்பீடு செயற்றிட்டம் முடிவடையும் காலத்தை ஒட்டியே நடக்கிறது. நீடித்து நிற்குமா என்பதற்கு அதில் இடும் நான்கு படித் தரமும் எதிர்காலம் பற்றிய ஊகமே. செயற்றிட்டங்களின் பலனை அளக்க நீங்கள் வைத்துள்ள மையக் குறிகாட்டிகளில் மூன்றாவது, உங்கள் ஏழாம் நிதிச் சுற்றில் 'மீட்டெடுக்கப்பட்ட நிலப்பரப்பு' என்றிருந்து எட்டாம் சுற்றில் 'மீட்டெடுப்பின் கீழுள்ள நிலமும் சூழற்றொகுதிகளும்' என்றானது. வேலை தொடங்கினாலே ஹெக்டேயர் கணக்கில் ஏறுவதற்கு இந்தச் சொல்மாற்றம் வழிவிடுகிறது. இதை நாம் பாரதூரமாகவே பார்க்கிறோம்.

ஆகவே கொள்கையில் இவற்றை எழுதுங்கள். முதல் தவணைப் பணம் விடுவிக்கப்படும் முன் அடிப்படைத் தரவு, அதாவது வேலைக்கு முந்திய நிலையின் பதிவு, எடுக்கப்பட வேண்டும். 10 மீற்றருக்கு 10 மீற்றர் நிரந்தர அளவீட்டுக் கட்டங்களைத் தெரிவுசெய்து, மூலைகளின் ஆள்கூறுகளைப் பதிய வேண்டும். உவர் நீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் மூலைக்கு பிவிசி குழாய் போதும். உயிருள்ளது, செத்தது, காணாமற்போனது என மூன்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். காணாமற்போனதைக் கணக்கில் விட்டால் தப்பிய வீதம் பொய்யாக உயரும். நடப்படாமல் தானாக முளைத்த கன்றுகளுக்கும் ஒரு நிரல் வேண்டும். இடத்தின் நீரோட்டம் சரியா என்பதை அவையே காட்டும்.

பருவத்தையும் பூட்டிவிடுங்கள். இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள புத்தளம் களப்பில் (கடலோடு தொடுத்த உவர்நீர்ப் பரப்பு) வறட்சி முற்றும்போது உவர்ப்பு கடல்நீரையும் மிஞ்சும், வடகீழ்ப் பருவமழையோடு இறங்கும். செப்டெம்பரில் அடிப்படைத் தரவும் ஜனவரியில் இறுதித் தரவும் எடுத்தால், மழை செய்த வேலை செயற்றிட்டத்தின் சாதனையாகப் பதிவாகும்.

மூன்றாம், ஐந்தாம் ஆண்டு எண்ணிக்கைக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கித் தனியே வைக்க வேண்டும். செயற்றிட்டக் கணக்கு மூடப்பட்டதும் கண்காணிப்புப் பணமும் போய்விடுவதால்தான் யாரும் திரும்பிப் போவதில்லை. உங்கள் மதிப்பீட்டு அலுவலகம் சிலவற்றுக்கு மீண்டும் போய்ப் பார்ப்பது நல்ல முன்மாதிரி. நடுகை உள்ள எல்லாச் செயற்றிட்டங்களுக்கும் அது கட்டாயமாக வேண்டும். எண்ணும் பொறுப்பை நட்ட நிறுவனத்திடம் விடாமல், பல்கலைக்கழகத் துறையொன்றிடமும் அந்தக் களப்பின் மீனவர் சங்கத்திடமும் சேர்த்துக் கொடுங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் நிற்கக் கூடாது. மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன உள்ளூர் மக்களின் கைக்கு நான்கு பக்கச் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் 60 நாளுக்குள் போக வேண்டும். பிழையான எண்ணை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அவர்களே.

இப்படிக்கு,
சுற்றாடல் செயற்றிட்டக் கண்காணிப்பிலும் மதிப்பீட்டிலும் பணியாற்றும் தமிழ்மொழி ஆய்வாளர்கள்,
கொழும்பு