குளிர்ந்த எஞ்சினின் சத்தம்

மன்னார்குடி,
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. மயிலாடுதுறைப் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டதையும், அறுவடை இயந்திரத்துக்கு முறை சொல்லிவிட்டு நீ காத்திருப்பதையும் படித்தேன். கடைசி வரியில், புதுக் கார் எப்படி ஓடுகிறது என்றும், உன் மகனும் அதே வண்டியைத்தான் பார்த்து வைத்திருக்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில். நான்கு மாதங்களாக எனக்கு இருந்த மனவேதனையை முழுவதுமாக உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய் கொடுத்து, ஆவணியில் தஞ்சாவூரில் இந்த வண்டியை எடுத்தேன். மனைவியின் கண் சிகிச்சைக்கு மாதம் இருமுறை தஞ்சாவூர் போக வேண்டியிருந்ததே முக்கியக் காரணம். மூன்றாவது வாரத்தில் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்ததும், தகர டப்பாவில் புளியங்கொட்டைகளைப் போட்டுக் குலுக்குவது போல, எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து கடகடவென்று ஐந்தாறு விநாடி வந்தது. பிறகு ஒன்றுமே நடவாதது போல அடங்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. பகலில் எத்தனை முறை நிறுத்தி ஸ்டார்ட் செய்தாலும் வரவில்லை.

பாமணியாற்றங்கரை வயலில் அப்பா வைத்திருந்த ஆயில் எஞ்சின் உனக்கு நினைவிருக்கும். மேட்டூர் திறப்பு ஜூன் 12-ஐத் தாண்டித் தள்ளிப்போன ஆண்டுகளில் எங்கள் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றியது அதுதான். எஞ்சின் லேசாகச் சுற்றுவதற்கான டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, நீ ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவாய். அப்பா வரப்பில் உட்கார்ந்தபடியே, தண்ணீர் ஏறுகிறதா, தண்ணீர்க் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் காற்று வாங்குகிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவரோடு வளர்ந்த காதுக்கு, இந்தச் சத்தம் இருக்கக் கூடாத சத்தம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

1000 கிலோமீட்டர் இலவச சர்வீஸுக்கு விட்டபோது இதைச் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்; சத்தம் வரவில்லை. எப்படி வரும்? மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓடி வந்த எஞ்சின் அது. குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் வருகிறது, இரவு நிறுத்தி வைத்துக் காலையில் கேளுங்கள் என்று எடுத்துச் சொன்னேன். "இந்த மாடலில் எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. மாலையில் வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாகக் கொடுத்தார்கள். நாம் சொன்ன குறையையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதித் தரும் ஜாப் கார்டில், பரிசோதித்ததில் சத்தம் ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது. வீடு வந்து சேருவதற்குள் போன் வந்துவிட்டது; கம்பெனியிலிருந்து அழைத்துக் கேட்டால் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுக்க வேண்டுமாம்.

இரண்டாம் முறை ஐப்பசியில் போனேன். அப்போது வேறொருவர் இருந்தார். பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கலாம், டீகார்பனைசிங் செய்துகொள்ளுங்கள், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றார். வாங்கி இரண்டு மாதமே ஆன, 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத எஞ்சினில் என்ன கரி படியும்? நான் மறுத்துவிட்டேன். இம்முறையும் அதே வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் முறை நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. கார்த்திகையில் ஒரு நாள் மாலையே வண்டியைக் கொண்டுபோய் விட்டு, காலையில் நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுத வைத்துவிட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூரில் இறங்கி, ஏழரை மணிக்கு அங்கே போய் நின்றேன். வண்டி, நான் விட்ட இடத்தில் இல்லை. தண்ணீர் அடிக்கும் இடத்தில் ஈரத்தோடு நின்றது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்; கஞ்சிப் பானையின் மூடிபோல் சூடாக இருந்தது. இடம் மாற்றுவதற்காக யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றார் அட்வைசர். எடுத்தவர் சத்தத்தைக் கேட்டாரா என்று கேட்டேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட அவருக்கு மனம் இல்லை. அன்றைய ஜாப் கார்டிலும் சத்தம் இல்லை என்றே எழுதியிருந்தார்கள்.

புது எஞ்சினில் குறை இருந்ததற்காக நான் யாரையும் நோகவில்லை. ஆயிரம் வண்டி செய்யும் இடத்தில் ஒன்றிரண்டு தவறும். கேட்க வேண்டிய நேரத்தில் ஒருமுறைகூடக் கேட்காமல், இல்லை என்று மூன்று முறை எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. முன்பு இப்படிப்பட்ட ஓர் இடத்தில் வேலை பார்த்த உறவினர் ஒருவர், வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் கூலி வாடிக்கையாளரிடம் வாங்குவதைவிடக் குறைவு என்றும், எஞ்சினைப் பிரித்த பிறகு குறை உறுதியாகாவிட்டால் அந்தக் கூலியும் கிடைக்காது என்றும் சொன்னார். அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

அதன்பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டேன். பத்து நாள் காலையில், டாஷ்போர்டில் தேதியும் கிலோமீட்டரும் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைப் பதிவு செய்தேன். மூன்று ஜாப் கார்டுகளின் நகலையும் சேர்த்துக் கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிவு செய்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை; நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆகவே நான் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போயிருக்க முடியும். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பார்வைக்குத் தெரியாத குறையாக இருந்தால், பொருளைத் தகுந்த பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையம் உத்தரவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. இவற்றையெல்லாம் கடிதத்தின் கடைசிப் பத்தியில் மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தேன்.

மார்கழி இரண்டாம் வாரத்தில் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் நாள் இரவே மன்னார்குடியில் தங்கி, காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்றார்; என் மனைவி அப்போதுதான் கோலத்தைப் போட்டு முடித்து எழுந்திருந்தாள். அவர் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சத்தம் அடங்கும்வரை நிமிரவே இல்லை. "ஏழு விநாடி சார். செயின் டென்ஷனர்" என்றார்.

அவர் விளக்கியதை உன் மகனுக்காக எழுதுகிறேன். எஞ்சினின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடச் செய்வது உள்ளே இருக்கும் டைமிங் செயின். அதைத் தொய்வில்லாமல் பிடித்துக்கொள்ள டென்ஷனர் என்ற சிறு பாகம் உண்டு. ஆயிலின் அழுத்தத்தில்தான் அது செயினைத் தள்ளிப் பிடிக்கிறது. இரவில் எஞ்சின் நின்றிருக்கும்போது அதிலிருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் ஒரு சிறு வால்வு தடுக்க வேண்டும். அந்த வால்வு சரியில்லையென்றால், காலையில் ஆயில் அழுத்தம் மறுபடி ஏறும்வரை செயின் தளர்ந்து, தன் வழிகாட்டிப் பட்டையில் அடித்துக்கொள்ளும். நம் ஃபுட்வால்வு கசிந்து குழாயில் தண்ணீர் இறங்கிப் போவதைப் போலத்தான். ஒரு விநாடி வந்து நின்றால் பயமில்லை. ஐந்தாறு விநாடி நீடித்தால் விட்டுவைக்கக் கூடாது, பட்டை தேய்ந்து செயின் பல் தாண்டிவிட்டால் எஞ்சினே போய்விடும் என்றார். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின்களில் எப்போதும் கேட்கும் மெல்லிய டிக்டிக் ஒலி வேறு. அது அந்த அமைப்பின் இயல்பு.

மார்கழி முடிவதற்குள் டென்ஷனரையும் வழிகாட்டிப் பட்டையையும் வாரண்டியிலேயே மாற்றிவிட்டார்கள். அன்றும் பில்லில், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி மாற்றப்பட்டது என்று அச்சடித்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. குறை இருந்ததால் மாற்றப்பட்டது என்று எழுதினால்தான் வண்டியை எடுப்பேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, மாற்றிக் கொடுத்தார்கள். பழைய மூன்று ஜாப் கார்டுகளையும் திருத்தித் தரும்படி இப்போது எழுதியிருக்கிறேன். இது வீம்பு இல்லை. வாரண்டி முடிந்த பிறகு அந்தச் செயினுக்கு ஏதாவது வந்தால், கணினியில் எஞ்சியிருக்கப்போவது அவர்கள் எழுதிய எழுத்துத்தான். வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை அங்கிருந்து இன்னும் வரவில்லை.

வண்டி நல்ல வண்டிதான். வேண்டாம் என்று உன் மகனிடம் சொல்ல மாட்டேன். டெலிவரி எடுக்கும் நாளில் காலையில் கடை திறந்தவுடனே போய், யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தன் கையாலேயே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல். எந்தக் குறையானாலும் தான் சொன்ன சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுத வைத்து, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

அறுவடை முடிந்ததும் அவனையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலையே வந்துவிடு. இரவு இங்கே தங்குங்கள். பழைய சத்தம் போனில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியை நான் தொடமாட்டேன், அவனே ஸ்டார்ட் செய்து கேட்கட்டும்.

உன் அன்புள்ள,
பழைய விடுதித் தோழன்