சோம்பேறி என்று சொல்லாதே

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "நான் சோம்பேறி ஆயிட்டேன்மா" என்றாய். பக்கத்திலிருந்த உன் அப்பாவும் ஆமாம் போட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போனில் வாதாடினால் "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன தடவை மும்பை வந்தபோது நெத்திலிக் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ரசித்துத்தான் சாப்பிட்டாய். ஆனால் மீன் மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் செருப்பு மாட்டவே உனக்கு மலைப்பாக இருந்தது. ருசி இருக்கிறது, அதற்காகக் கிளம்புகிற தெம்பு இல்லை. விடியும் முன்பே மட்டையைத் தூக்கிக்கொண்டு சிவாஜி பார்க்குக்கு ஓடிய பிள்ளை நீ. சிக்குன்குனியா வந்த பிறகுதான் இப்படி. விரல் மூட்டு காலையில் இன்னும் மடங்க மறுக்கிறது என்று நீயே சொன்னாய்.

கிருமி நுழைந்தால் உடம்பு சைட்டோகைன் என்ற பொருள்களை விடும். அவற்றின் சேதி மூளைக்கும் போகும். காய்ச்சல்காரர் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போர்த்திக்கொண்டு கிடப்பது அதனால்தான். பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் 1988-லேயே எழுதினார்: நோய்ப்பட்ட விலங்கு சுருண்டு கிடப்பது, நோயோடு போராட உடம்பு தன் சக்தியை மிச்சம் பிடிக்கிற வழி. காய்ச்சல் போன பிறகும் அழற்சி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பிய அந்தக் கொதிப்பு, உள்ளே தங்கிவிட்டால்தான் தொல்லை. மூளையில் சேதி கடத்தும் டோபமைன் என்ற பொருள் தயாராக வேண்டிய துணைப்பொருள் அதனால் குறையும் என்கிறார்கள். ஒரு காரியத்துக்காக மெனக்கெடலாமா வேண்டாமா என்று மூளையில் கணக்குப் போடும் இடத்துக்கு டோபமைன் முக்கியம். முன்பெல்லாம் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, சைட்டோகைன் வகையைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், பலருக்கு அந்த மருந்தாலேயே சோர்வும் மனச்சோர்வும் வந்தன. அவர்களெல்லாம் திடீரென்று சோம்பேறி ஆனார்களா என்ன?

அதற்காக எல்லாவற்றையும் அழற்சியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. மருந்துக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேரை வைத்து, அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். முடிவு 2013-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வெற்று ஊசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம்தான் நல்ல பலன் தெரிந்தது. ஆகவே பார்க்காமல் தெரியாது.

சி.ஆர்.பி. எனக்கு அன்னியமா? மும்பை சயானில் லேப் வேலை பார்த்த காலத்தில் கறுப்புக் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு சீரம் (ரத்தத்தின் தெளிநீர்), ஒரு சொட்டு வெள்ளை லேடெக்ஸ், குச்சியால் கலக்கித் தட்டை மெல்ல ஆட்டுவேன். இரண்டு நிமிஷத்துக்குள் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரண்டால் பாசிட்டிவ். இப்போது மெஷினே அளவை எண்ணாகக் கொடுத்துவிடுகிறது. ஆனால் சளி பிடித்தாலும் ஈறு வீங்கினாலும் அந்த எண் ஏறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு கட்டாதே.

பெங்களூரில் நல்ல பொது மருத்துவரைப் பார். மூட்டு வலியையும் இந்தச் சோர்வையும் ஒரே மூச்சில் சொல். இரண்டும் வேறு வேறு என்று நீயே பிரித்துவிடாதே. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையான ஈ.எஸ்.ஆர். எல்லாம் பார்க்கலாமா என்று கேள். மனசும் பாரமாக இருந்தால் அதையும் மறைக்காதே. மெடிக்கல் ஷாப்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் தொடாதே. நாலு நாள் ஓடி ஆடுவாய், அப்புறம் அவஸ்தைப்படுவாய். ராத்திரி இரண்டு மணி வரை போனைப் பார்ப்பதையும் குறை. தூக்கம் கெட்டாலும் அழற்சி கூடும்.

சி.ஆர்.பி.க்கு வெறும் வயிறு தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். மற்றதுக்கு லேபில் கேட்டுக்கொள். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா