கோட்டைத் தைத்துத் தந்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊன்றுகோலோடு படியேற முடிகிறது. என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுத மனம் வரவில்லை. பழைய ஆலையின் சுவர் விழுந்த அன்று ஓடைக்குள் இறங்கி என்னைத் தூக்கி வந்த தீயணைப்பு வீரர்கள், இரவெல்லாம் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், லிஸ்பனிலிருந்து ரயிலேறி வந்து ரசம் வைத்துக் கொடுத்த தமிழ்க் குடும்பம், மீதி அறைகளை அளந்து முடித்த சக மாணவர்கள், ஊரிலிருந்து பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் அளந்துகொண்டிருந்த பாழடைந்த கம்பளி ஆலைக்கு மேலே, சந்தில் குடியிருக்கும் வயதான அம்மா அவர். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். மருத்துவமனைக்கு வந்தவர், நாற்காலியில் கிடந்த என் கம்பளிக் கோட்டை எடுத்துப் பார்த்தார். தோளில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒன்றும் பேசாமல் பையிலிருந்து சின்ன இடுக்கியும் ஊசியும் எடுத்தார். உள்மடிப்பிலிருந்தே நூலை உருவினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, இரண்டு இழைக்கு மேலே, இரண்டு இழைக்குக் கீழே என்று அந்தத் துணியின் நெசவையே திரும்ப ஓட்டினார். சாயங்காலம் தடவிப் பார்த்தும் கிழிசல் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

அதே ஆலையில் அவருக்கு இதுதான் வேலையாம். தறியிலிருந்து இறங்கும் துணியில் முடிச்சுகளைப் பொறுக்கி, விட்டுப்போன இழைகளை ஊசியால் கோக்க வேண்டும். அப்புறம்தான் துணியை ஈரத்தோடு அடித்து இறுக்குவார்கள். மேல்மாடியின் வடக்கு அறைக்கு ஏன் அத்தனை பெரிய ஜன்னல்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். "அது எங்கள் அறை. வெயில் விழக்கூடாது, வெளிச்சம் வேண்டும்" என்றார்.

போர்ச்சுகலின் கோவில்யாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், எஸ்த்ரெலா மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரை வளர்த்தவை கார்பின்டெய்ரா, கோல்த்ரா என்ற இரண்டு ஓடைகள். கருங்கல் மலைத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. கம்பளி அலசவும் சாயம் ஏறவும் தோதானது. அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் பொம்பல் பிரபு 1764-இல் தொடங்கிவைத்த அரச ஆலையின் சாயத் தொட்டிகள், 1975-இல் கல்லூரிக்காக வேலை நடந்தபோது வெளிப்பட்டன. அவற்றைப் பாதுகாத்ததால்தான் 1992-இல் அருங்காட்சியகம் திறக்க முடிந்தது. கல் தொட்டி மண்ணுக்குள் காத்திருக்கும். தண்ணீர்ச் சக்கரம் சுழன்ற குழி இருக்கும், துணியை இழுத்து மாட்டி வெயிலில் காயவைத்த சட்டங்களின் இரும்பும் கிடைக்கும். ஊசியோடு துணியைச் சீர்செய்த இந்தப் பெண்களின் வேலை அப்படியில்லை. எவ்வளவு நன்றாகச் செய்தார்களோ அவ்வளவுக்குத் துணியிலேயே தடம் இருக்காது. தோண்டி எடுக்க ஒன்றுமில்லை, அவர்களிடமே கேட்டால்தான் உண்டு. கேட்க வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

வரைபடத்தில் பெயரில்லாமல் இருந்த அந்த அறைக்கு இப்போது பெயர் எழுதிவிட்டோம். அவரோடு வேலை பார்த்த பெண்களில் சிலர் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்களாம். கால் சரியானதும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்வேன். கூட்டிப்போக அம்மாவும் சம்மதித்துவிட்டார்.

நன்றியுடன்,
உங்கள் தோழி