காதையும் ஒருமுறை பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வயது போனால் காது மந்தமாவது இயல்புதானே என்று விட்டுவிடுகிறோம். என் அம்மம்மாவையும் அப்படித்தான் விட்டோம். விறாந்தையில் எல்லோரும் கதைத்துக்கொண்டிருக்க, அவர் மெல்ல எழுந்து அறைக்குள் போய்விடுவார். கோபமாக்கும் என்று நினைத்தோம். நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. பிறகு மறதியும் வந்து சேர்ந்தது. காதால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் மனது ஆறவில்லை.

டிமென்சியா எனப்படும் மறதி நோய்க்கு, நாம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்டது. காது கேளாமை அதில் முக்கியமானது. சொல்லைப் பிடிக்கவே மூளை உழைத்துக் களைக்கிறது. ஆட்களோடு பழகுவதும் குறைகிறது.

காது கேட்கும் கருவி போட்டால் மறதி வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 977 முதியவர்களை மொத்தமாகப் பார்த்தபோது, கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி வரும் ஆபத்து கூடியவர்களில், கருவி போட்டவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்கு அது சிறிய விடயமாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பெற்றோருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். தொலைபேசிக் குரல்தான் உறவு. காது கேட்காவிட்டால் அதுவும் போய்விடும். எங்கள் கிளினிக்குகளில் பிரஷரும் சீனியும் பார்க்கும் அன்றே காதையும் சோதிக்க, சுகாதாரத் துறையினர் ஒழுங்கு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோண்டாவில்